ராக்கெட்ல ரசம் வச்ச ஆவுடை

ஒரு ஊர்ல, தென்காசின்னு வச்சுக்கோயேன், ஒரு குறும்புக்காரி இருந்தா. பேரு ஆவுடை. டெலிபோன் ஆபீஸ்ல வேலை. ட்ரிங் ட்ரிங்னு மணி அடிச்சா, ஒயரைச் சொருகி "யாரு வேணும்?"னு கேப்பா. மணி அடிக்காத நேரம் பூரா ராக்கெட் கதை எழுதுவா. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் அந்தக் கதையை மெட்ராஸ்ல ஒரு பத்திரிகைக்கு அனுப்புனா. பத்தே நாள்ல தொப்புனு திரும்பி வந்துச்சு. "பொம்பளைங்களுக்கு எதுக்கும்மா ராக்கெட்? குடும்பக் கதை எழுதுங்க"ன்னு ஆசிரியர் எழுதியிருந்தாரு. ஆவுடைக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனா விடல. புருஷன் சங்கரலிங்கம் பேர்ல அனுப்புனா. மறுபடியும் தொப்பு! "ஐயா, இதெல்லாம் நம்ம ஜனங்களுக்குப் புரியாது."

"அப்போ விட்டுட்டாளா, அத்தை?"

அவளா? மூணாவது தடவை அதே கதையோட முன்பாதியை மட்டும் சமையல் குறிப்பு மாதிரி மாத்தி, புதுப் பேரு வச்சா. "ராக்கெட்டில் ரசம் வைப்பது எப்படி?" சமையல் பக்கத்துக்குன்னு போட்டு அனுப்பிட்டா! அங்க ஒருத்தரும் முழுசாப் படிக்கல. அப்படியே அச்சாயிருச்சு.

"புளியைக் கரைக்கவும். எடையில்லாத இடம் என்பதால் புளித்தண்ணீர் உருண்டை உருண்டையாக மிதக்கும். வாயால் கவ்விப் பிடிக்கவும். கடுகு படபடவென வெடிக்கும்போது இன்னொரு ராக்கெட் துரத்தி வரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தப்பி ஓடவும்."

அத்தோட பக்கம் முடிஞ்சுபோச்சு!

அப்புறம் பாரு, மூட்டை மூட்டையா லெட்டர். "துரத்துனது யாரு? சமைச்ச அம்மா தப்பிச்சாங்களா?" ஆசிரியர் வேர்க்க விறுவிறுக்க தென்காசிக்கே ஓடி வந்துட்டாரு.

"மிச்சத்தை எழுதிக் குடுங்கம்மா."

"நம்ம ஜனங்களுக்குப் புரியாதேய்யா?"ன்னா ஆவுடை.

அவரு மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஆயிருச்சு. பாவம்னு எழுதிக் குடுத்தா, ஆனா தன் பேர்லதான்.

அப்புறம் முப்பது வருஷம் எழுதுனா. அதைப் படிச்ச பிள்ளைங்கள்ல சிலது நிஜமாவே ராக்கெட் கட்டப் போச்சு. கடைசியா ஒரு தொடர்கதை. அதுல வர்றவளை வியாழன் கிரகத்து மேகத்துல தலைகீழாத் தொங்க விட்டுட்டு, ஆவுடை செத்துப்போயிட்டா.

"ஐயோ!"

பத்திரிகையில "தொடர் நின்றது"ன்னு போட்டாங்க. ஜனங்க விட்டாத்தானே! டீச்சரு, தையக்காரரு, பஸ் கண்டக்டருன்னு ஆளாளுக்கு ஒரு முடிவு எழுதி அனுப்பிட்டாங்க. கண்டக்டரு என்னடான்னா விசில் ஊதியே அவளைக் கீழ இறக்கிட்டாரு, பீப் பீப்னு! முந்நூத்திச் சொச்சம் முடிவு. ஒண்ணு விடாம அச்சுல வந்துச்சு.

"நெசமா எப்படித்தான் இறங்குனா?"

அதை ஆவுடை யார்கிட்டயும் சொல்லல, கள்ளி! கண்ணை மூடிக்கிட்டு நீயே அவளை இறக்கி விடு. என் கதை இறங்கிருச்சு, தூங்கு.