மகிழ்மாறன் ராஜாவும் நூறு மென்பொருள்காரர்களும்

கிட்ட வாங்க, நல்லா நெருங்கி உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தா பாதிக் கதை காத்துல போயிடும். ராஜா காலத்துல கம்ப்யூட்டர் ஏதுன்னு மட்டும் யாரும் கேட்கக் கூடாது. இந்த ராஜா கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதான்!

மேட்டுப்புலம்னு ஒரு நாடு. மகிழ்மாறன்னு ஒரு ராஜா. அவருக்கு வானத்தை ஒட்டுக்கேட்கிற பைத்தியம். மலை உச்சியில ஊர்க்குளம் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு வச்சிருந்தார். நட்சத்திரத்துலேர்ந்து வர்ற ரேடியோ அலையை அது பிடிக்கும். கீழே கம்ப்யூட்டர் அதைப் படமாக்கிக் காட்டும்.

ஒரு தட்டு போதுமா ராஜாவுக்கு? மலை முழுக்கப் புதுத் தட்டா நட்டுத் தள்ளிட்டார். நட்டா ஆச்சா? எல்லாத் தட்டும் பிடிக்கிறதை ஒண்ணாச் சேர்க்கப் புது மென்பொருள் எழுதணுமே! அந்த வேலை அல்லியங்கோதையோடது. கூட நாலைஞ்சு பேர். கெட்டிக்காரக் கூட்டம்.

ஒருநாள் ராஜா சபையில சொன்னார். "அடுத்த மாசம் என் பட்டாபிஷேக ஆண்டு விழாவுக்கு அக்கம்பக்கத்து ராஜாக்கள் வர்றாங்க. அதுக்குள்ள எல்லாத் தட்டும் ஒண்ணா வேலை செய்யணும்."

"மகாராஜா, அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஆகும்" என்றாள் அல்லியங்கோதை.

உடனே எழுந்தார் பெரிய மந்திரி வேதாசலம். அவள் நாற்காலியில தன் மருமகனை உட்கார வைக்க ரொம்ப நாளா அவருக்கு ஓர் ஆசை. "பிரபு! ஆள் பத்தலை, அதான் இழுக்குது. நூறு பேரைப் புதுசாச் சேர்ப்போம். விழாவுக்குள்ள முடிச்சிடுவாங்க. அப்பவும் முடியலைன்னா கோளாறு இந்தப் பொண்ணு கிட்டதான். கூட்டத்தோட வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"ஆகட்டும்!" என்றார் ராஜா, குஷியாக.

அல்லியங்கோதை நேரே மாசிலாமணி கிட்ட ஓடினாள். அவன்தான் அரண்மனை விகடகவி, சபையில எல்லாரையும் வாயடைக்க வைக்கிற ஆள்.

"அண்ணே, நூறு பேருக்கும் எங்க வேலையைச் சொல்லிக் குடுக்கிறதுக்குள்ளேயே விழா வந்துடும். அப்புறம் நாங்க எப்ப எழுதுறது? எங்க எல்லார் பொழைப்பும் போச்சு."

"அட, கண்ணைத் துடை தாயி. நூறு பேர் வரட்டும். நல்லாவே வரட்டும்!"

வந்தார்கள். சபையில நிற்க இடமில்லை. மாசிலாமணி வெத்தலைத் தட்டோட ராஜா முன்னால வந்து நின்றான்.

"மகாராஜா, நம்ம அரண்மனை வழக்கம் ஒண்ணு இருக்கே! அரசர் கையால வெத்தலை வாங்கி, அவருக்கு என்ன வேணும்னு அவர் வாயாலயே கேட்டு, சந்தேகம் எல்லாம் தீர்ந்த பிறகுதானே ஒருத்தர் அரச வேலையைத் தொடணும்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குய்யா?" என்றார் வேதாசலம்.

"மகாராஜாவோட தாத்தா வச்ச வழக்கம். வேண்டாங்கிறீங்களா மந்திரியாரே?"

மந்திரி உட்கார்ந்துட்டார்.

ராஜா சிரிச்சுக்கிட்டே முதல் ஆளுக்கு வெத்தலை குடுத்தார். அவன் கேட்டான். "அரசே, மேகம் இடிச்சா தட்டு கேட்டுக்கிட்டே இருக்கணுமா, மூடிக்கணுமா?"

"கேட்கணும்."

அடுத்தவள் வந்தாள். "அரசே, ரெண்டு தட்டு ரெண்டு விதமாச் சொன்னா எதை நம்புறது?"

"அது... பெரிய தட்டை."

"எல்லாம் ஒரே அளவுதானே அரசே?"

ராஜா யோசிக்க ஆரம்பிச்சார். அதுக்குள்ள இன்னொருத்தன். "நட்சத்திரச் சத்தம் எது, உங்க அந்தப்புரத்து மைக்ரோவேவ் அடுப்பு விடுற அலைச் சத்தம் எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?" அப்புறம் ஒருத்தன். "இடி இடிச்சா மூடிடலாமா?" களைப்புல ராஜா "மூடு, மூடு"ன்னுட்டார்.

போச்சு! முதல் ஆள் பாய்ஞ்சு வந்தான். "கேட்கணும்னாரே என் கிட்ட!"

"மூடுன்னாரே என் கிட்ட!"

வெத்தலைத் தட்டு பறந்தது. ஒருத்தன் தலைப்பாகை இன்னொருத்தன் கையில. ராஜா ரெண்டு பேரையும் விலக்கி, முதல்லேர்ந்து விளக்கி, உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், வரிசை வாசலைத் தாண்டி நிக்குது. சோறு ஆறிப்போச்சு. பக்கத்து நாட்டுத் தூதர் காத்திருந்து காத்திருந்து தூங்கியே போனார்.

"யோவ் மாசிலாமணி!" ராஜா கத்தினார். "நாள் பூரா இவங்களுக்கே விளக்கிக்கிட்டிருந்தா ராஜ்ய வேலையை நான் எப்பய்யா பார்க்கிறது?"

"மகாராஜா, அதையேதான் அல்லியங்கோதையும் கேட்கிறா."

ராஜா அவனைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சார் பாருங்க, கிரீடம் காது வரைக்கும் இறங்கிடுச்சு!

"அல்லியங்கோதை, இங்க வாம்மா. உன் வேலை உன்னோடதுதான். இப்ப நீயே சொல்லு, விழாவுக்கு என்ன முடியும்?"

"ரெண்டு தட்டைச் சேர்த்துக் காட்டிடலாம் மகாராஜா. மத்தது மழைக்காலத்துக்குள்ள. இந்தக் கூட்டத்துல ரெண்டு பேரை மட்டும் குடுங்க. நிதானமாப் பழக்கி எடுத்துக்கிறோம்."

"எடுத்துக்கோ!" தன் முத்து மாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்துல போட்டார் ராஜா. "அது சரி, மிச்சப் பேரை என்னய்யா பண்றது? வாசல்ல நின்னாங்களே, இப்ப ஒருத்தரையும் காணோமே!"

மாசிலாமணி கையைக் கட்டிக்கிட்டு, ரொம்பப் பணிவாச் சொன்னான்.

"மந்திரியார் வீட்டுல இன்னைக்கு விருந்தாம் மகாராஜா. அவர் வீட்டம்மாவும் ஒரே ஒரு சமையல்காரியும்தான் அடுப்படியில. ஆள் பத்தாம இழுக்குமேன்னு, எல்லாரையும் கூடமாட ஒத்தாசைக்கு அங்கே அனுப்பிட்டேன்."