வாழைக்குலைக்கு மேலே ஒரு வீடு

பொன்வரி என்ற அணில் வாழைமரத்தில் வீடு கட்டியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று சாப்பாடு. இன்னொன்று தவிட்டுக்குருவிகள்.

அது மரகதம் வீட்டுக் கொல்லை. அங்கே கொய்யா, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. பின்சுவர் ஓரமாக ஒரு பழைய மாமரம். பொன்வரி முதலில் அந்த மாமரத்துப் பொந்தில்தான் குடியிருந்தாள். அதே மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகளும் இருந்தன. விடிந்தால் போதும், ஏழும் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடும்.

"வயித்துல பிள்ளையோட இருக்கேன். கொஞ்ச நேரம் வாயை மூடினா என்ன?" என்று பொன்வரி கேட்டாள்.

"நாங்க மூடிட்டா கொல்லையே தூங்கிப்போயிருமே தாயி!" என்றது மூத்த குருவி. மற்ற ஆறும் சிரித்தன.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இனிமே இந்த மரத்துப் பக்கம் என் வால்கூட வராது!"

சொன்னபடியே கிளம்பிவிட்டாள்.

துணி துவைக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு வாழை செழிப்பாக நின்றது. குலை தள்ளி இரண்டு மாதம் ஆகியிருந்தது. குலையின் கழுத்துக்கு மேலே, மட்டைகளின் இடுக்கில், பொன்வரி தேங்காய் நாரும் பழந்துணியும் கொண்டுவந்து மெத்தென்று கூடு கட்டினாள். நான்கு குட்டிகள் பிறந்தன. குலை கனத்து மரம் சாய்ந்தபோது, மரகதத்தின் வீட்டுக்காரர் வேலாயுதம் ஒரு கம்பை நட்டு முட்டுக் கொடுத்தார்.

"பாத்தியா? என் வீடு ஆடக் கூடாதுன்னு கம்பு நட்டிருக்காங்க," என்று கீழே எட்டிப் பார்த்துச் சொன்னாள் பொன்வரி.

வாழையடியில் ஈரச் சருகுக்குள் ஒரு தேரை இருந்தது. அது மெதுவாகக் கண்ணைத் திறந்தது.

"உனக்காகவா நட்டாங்க? சரிதான். ஏம்மா, இங்க வீடு கட்டுறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? மரத்துக்கு மரம் என்ன வித்தியாசம்?"

"மாமரம் இருக்கும். இது இருக்காது. குலை முத்தினா மரத்தோட வெட்டிருவாங்க. நான் வந்த பிறகு மூணு மரம் போயிருச்சு. பக்கத்துல நிக்குதே கன்னு, அடுத்தது அதுதான்."

"ஈரத்துலயே கிடந்து உனக்குப் புத்தி ஊறிப்போச்சு," என்று சொல்லிவிட்டுப் பொன்வரி உள்ளே போய்விட்டாள்.

நாள் போனது. காய்கள் விளிம்பு மழுங்கி உருண்டு திரண்டன. ஒரு சாயங்காலம் மரகதம் வந்து குலையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, காய் நல்லா முத்திருச்சு. ஒரு பழம் மஞ்சளாத் தெரிஞ்சா வெட்டிரலாம்."

பொன்வரி கூட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. தேரை சொன்னது நிஜம்தான். மாமரத்துப் பொந்து காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அந்த ஏழு வாயும் சும்மா இருக்குமா?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மஞ்சளாகத் தெரிந்தால்தானே வெட்டுவார்கள்? தெரியாமல் செய்துவிட்டால்?

மறுநாள் விடியும்போது மேல் சீப்பில் ஒரு பழம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. பொன்வரி அவசர அவசரமாக அதைக் கடித்துத் தின்றாள். பக்கத்தில் இன்னொன்று. அதையும் தின்றாள். வயிறு நிறைந்த பிறகும் விடவில்லை.

"கல்யாண விருந்தா?" என்று கீழேயிருந்து கேட்டது தேரை.

"என் வீட்டைக் காப்பாத்திக்கிறேன். மஞ்சள் இல்லேன்னா வெட்டு இல்லை."

"அடிப் பாவி! கடிச்ச தோல் கீழே கிடக்குதே, அதை யாரும் பாக்க மாட்டாங்களா?"

மரகதம்தான் பார்த்தாள். துவைக்க வந்தவள் குனிந்து தோலை எடுத்தாள்.

"ஏங்க! அணில் கடிக்க ஆரம்பிச்சிருச்சு. இனி விட்டுவெச்சா நமக்கு ஒரு பழம் மிஞ்சாது. இன்னிக்கே வெட்டிருங்க."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு வெட்டுறேன்," என்றார் வேலாயுதம். அரிவாளை எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

பொன்வரி அந்த அரிவாளைப் பார்த்தாள். சும்மா விட்டிருந்தால் பழம் நன்றாக மஞ்சளாகி வெட்டு விழ இன்னும் இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். தன் வாயாலேயே அதை இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஆண்டவனே, என் வீம்புக்கு என் பிள்ளைகளைத் தண்டிச்சிராதே," என்று வேண்டிக்கொண்டு முதல் குட்டியை வாயில் கவ்வினாள்.

வாழைக்கும் மாமரத்துக்கும் நடுவே வெட்டவெளி. ஒரே ஓட்டம். குட்டியைப் பொந்தில் வைத்தாள். குருவிகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. மூத்தது நகர்ந்து அவளுக்கு வழி விட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது.

நான்காவதைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். அப்போது சமையலறையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. சாப்பாடு முடிந்துவிட்டது! பாதி தூரம் ஓடியிருப்பாள். எலுமிச்சைச் செடிக்கு அடியில் வீட்டுப் பூனை பதுங்கியிருந்தது. அவள் பார்க்கவில்லை. வாயில் குட்டி இருந்ததால் கத்தவும் முடியாது.

குருவிகள் பார்த்துவிட்டன. ஏழும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு பூனையின் தலைமேல் இறங்கின. ஒன்று வாலைக் கொத்தியது. ஒன்று காதுப் பக்கம் சிறகடித்தது. அந்த இரைச்சலில் பூனைக்கு எங்கே பாய்வது என்றே புரியவில்லை. சுவரேறி அடுத்த வீட்டுக்குள் குதித்துவிட்டது.

பொன்வரி பொந்துக்குள் போய் விழுந்தாள். நான்கு குட்டிகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான்கும் இருந்தன.

மூத்த குருவி பொந்து வாசலில் வந்து உட்கார்ந்தது. "இப்ப சத்தம் அதிகமா இருந்துச்சோ?"

"இல்லக்கா," என்றாள் பொன்வரி. "காதுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு."

சற்று நேரத்தில் வேலாயுதம் குலையை வெட்டி இறக்கினார். பிறகு மரத்தையும் சாய்த்தார். சாய்ந்த மரத்திலிருந்து நார்க்கூடு தரையில் விழுந்தது. அதைப் பார்த்த மரகதம் பதறி ஓடிவந்தாள்.

"ஐயையோ, கூடு இருந்திருக்கே! பாக்காம வெட்டிட்டீங்களே. உள்ள குட்டி இருக்கான்னு தெரியலையே."

மண்டியிட்டு நாரை விலக்கி, பழந்துணியைப் பிரித்து, விரலால் தடவித் தடவித் தேடினாள். கூடு காலியாக இருந்தது. ஆனால் துணியில் இன்னும் சூடு இருந்தது.

"முருகா," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "தாய் முந்திக்கிட்டா."

பொந்திலிருந்து பொன்வரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மரகதம் மேல் சீப்பில் கடிபட்ட பழங்களோடு நல்ல பழம் இரண்டையும் பிய்த்து மாமரத்தடிச் சுவரில் வைத்துவிட்டுப் போனாள்.

தேரை ஏற்கெனவே பக்கத்துக் கன்றின் அடிக்கு மாறியிருந்தது. "என்னம்மா, அடுத்த குலைக்கு மேல வீடு கட்டுவியா?" என்று அங்கிருந்து கேட்டது.

"கட்டுறதுன்னா மொதல்ல உன்னைக் கேட்டுட்டுத்தான்," என்றாள் பொன்வரி. ஒரு பழத்தை எடுத்துக் குருவிகள் பக்கம் உருட்டிவிட்டாள்.

குடிபோகும் இடத்தைப் பற்றி முன்பே அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதிலும், தப்பென்று தெரிந்தபின் வீம்பை விட்டுத் திரும்பி வருவதிலும் யாருக்கும் ஒரு குறைவும் வந்துவிடாது.