பன்னிரண்டு முட்டை

ஜெரினா மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து போடவில்லை.

"பன்னிரண்டுக்கும் முட்டையா அக்கா?"

"ஆமா மேடம். 'மா'ன்னு சொன்னா என் வாயையே பாக்குறா. 'பா'ன்னு சொன்னாலும் அப்படித்தான். ஒண்ணு கூடத் திருப்பிச் சொல்லல."

தில்லைநாயகிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் அங்கன்வாடியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். இப்போது சிறப்புக் குழந்தைகளுக்கான இந்த மையத்தில் பேச்சுப் பயிற்சி தரக் கற்றுக்கொள்கிறாள். கற்றுத்தரும் ஜெரினா அவளைவிடப் பதினேழு வயது சின்னவர்.

உள்ளே இருப்பவள் தர்ஷிகா. நாலரை வயது. இன்னும் ஒரு சொல் வரவில்லை. சொல்லிக்காட்டும் பன்னிரண்டு சத்தங்களில் ஒன்றையாவது திருப்பிச் சொன்னால் பேச்சு வகுப்பில் இடம். இல்லையென்றால் அடுத்த வருடம். இரண்டு பஸ் மாறி வந்த அவள் அம்மா வராந்தாவில் காத்திருந்தாள். தில்லைநாயகி வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

"மறுபடி நடத்துங்க. ஃபோன்ல பதிவு பண்ணிக்குங்க."

மறுபடி நடத்தினாள். ஜெரினா திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி பன்னிரண்டு முட்டை.

"பதிவைக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேன். அதுல என் சத்தம்தான் மேடம் இருக்கு."

"அதைத்தான் கேக்கச் சொல்றேன்."

தில்லைநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்டலா? தன் உச்சரிப்பில் ஏதாவது கோளாறா? அங்கன்வாடியில் மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல் அது. தொண்டையைச் செருமி 'மா' என்று ஒருமுறை தனக்கே சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

பொம்மை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

'மா.' அமைதி. ச்சு. பென்சில் கீறும் சத்தம்.

'பா.' அமைதி. ச்சு. பென்சில்.

இது என்ன ச்சு? பல்லி என்று நினைத்தாள். மூன்றாவது தடவைதான் தெரிந்தது. குழந்தை பேசாதபோதெல்லாம், முட்டை போடுவதற்கு முன் அவளே உச்சுக்கொட்டியிருக்கிறாள். ஒரு நாளும் அது அவள் காதில் விழுந்ததில்லை.

முகம் சுட்டது. மேடத்தின் மேசைக்குப் போனாள்.

"தப்புதான் மேடம். ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டியிருக்கேன்."

"எத்தனை தடவை?"

"பன்னிரண்டு."

"எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. பன்னிரண்டு சத்தம், அதனால் பன்னிரண்டு உச்சு. திரும்பப் போய் விரல் மடக்கி எண்ணினாள். பதினேழு வந்தது. மறுபடி எண்ணினாள். பதினேழேதான்.

அப்படியென்றால் அந்த ஐந்து எங்கிருந்து வந்தது?

எட்டாவது சத்தத்திலிருந்து ஒவ்வொரு உச்சுக்குப் பின்னாலும் இன்னொன்று இருந்தது. மெல்லியதாக, எச்சில் ஈரத்தோடு. முதலில் எதிரொலி என்று நினைத்தாள். பொம்மையும் துணித்திரையும் நிறைந்த அறையில் எதிரொலி ஏது?

இந்த முறை மேசைக்கு மெதுவாகத்தான் போனாள்.

"அந்த அஞ்சும் அவளோடது மேடம்."

"ம்."

"ஆனா தாள்ல 'ச்சு'க்கு வரி இல்லையே. நான் எங்க மார்க் போட?"

ஜெரினா ஸ்கேலை எடுத்தார். பன்னிரண்டாவது வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, பதிமூன்று என்று எண் போட்டு, 'ச்சு' என்று எழுதினார். எதிரே மார்க் ஒன்று. அடியில் கையெழுத்து.

"அவங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க. திங்கள்கிழமையிலிருந்து வகுப்பு."

தில்லைநாயகி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயோ பாவம்னு கொட்டினது மேடம் அது. அதைப் போயா அவ பிடிச்சுக்கணும்?"

ஜெரினா ஸ்கேலை இழுப்பறையில் வைத்தார்.

"இனிமே அவ முன்னாடி நான் வாயைத் திறக்கல மேடம். 'மா', 'பா' தவிர."

"வாயை மூடச் சொன்னேனா அக்கா? அம்மாகிட்ட சொல்லிட்டு உள்ள போங்க. அவ என்ன சத்தம் போட்டாலும் நீங்க திருப்பிச் சொல்லுங்க."

"எத்தனை நேரம்?"

"உங்களுக்கு ஒண்ணாவது சரியா வர்ற வரைக்கும். பென்சிலை அவகிட்ட குடுத்துடுங்க."