துருப்பிடித்த ஆறாவது ஸ்க்ரூ

"அக்கா, எனக்கு வந்த வண்டி சரியில்ல. நாளைக்கு அஃப்சல் வண்டியை எனக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க."

பயிற்சி ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் மிருதுளா இப்படித்தான் ஆரம்பித்தாள்.

பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஜூனியர் கார் பந்தயத்தில் இந்த வருஷம் ஐந்து தடவை ஓடிவிட்டாள். ஐந்திலும் அஃப்சல் முதல், இவள் இரண்டாவது. நாளைக் காலை கடைசிப் பந்தயம். அதோடு வயசு வரம்பும் முடிகிறது. ஒரு தடவைகூட ஜெயிக்காதவளைப் பெரிய வண்டியில் யார் ஏற்றுவார்கள்?

வண்டியெல்லாம் ஒரே அச்சுதான். யாருக்கு எது என்று ஒவ்வொரு தடவையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் தோற்றால் வண்டியைத்தான் திட்டுவார்கள். எல்லா டிரைவரும் அப்படித்தான்!

அணியின் இன்ஜினியர் ஆக்னஸ் டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிருதுளாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழை வரும்.

"அஞ்சு தடவையும் சரியில்லாத வண்டியேவா வந்துச்சு?"

"என் ராசி அப்படிக்கா."

"சரி. அஃப்சல் வண்டியோட பின்பக்கத்துல எத்தனை ஸ்க்ரூ?"

"ஆறு. ஆறாவது துருப்பிடிச்சது." யோசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வா, நடக்கலாம்."

வெயில் தாழ்ந்திருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் ஓடுபாதையை நடந்து பார்ப்பது வழக்கம். மிருதுளா போன் பார்த்துக்கொண்டே நடக்கிற ரகம்.

நான்காவது வளைவில் ஆக்னஸ் நின்றாள்.

"இங்க எப்ப பிரேக் பிடிப்பே?"

"அஃப்சல் பிடிக்கிறப்போ."

சொல்லிவிட்டு மிருதுளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் சுண்டிப்போனது.

ஆக்னஸ் திட்டவில்லை. அவள் தோளில் கை வைத்தாள். அவள் போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மிருதுளா தனியாகப் பாதை முழுக்க இரண்டு தடவை நடந்தாள். நான்காவது வளைவுக்கு முன்னால் தாரில் ஒட்டுப்போட்ட கறுப்புத் திட்டு ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக அதன்மேல் ஓடியிருக்கிறாள். இன்றுதான் பார்க்கிறாள். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

காலையில் வண்டியில் உட்கார்ந்ததும் கேட்டாள். "அக்கா, வண்டி மாத்துறதைப் பத்தி..."

"மாத்தணுமா?"

"வேண்டாம்."

பன்னிரண்டு சுற்று. ஏழு சுற்று வரைக்கும் முன்னால் அஃப்சல், பின்னால் மிருதுளா. எட்டாவது சுற்றில், நான்காவது வளைவு நெருங்கும்போது, அஃப்சல் பிரேக் பிடித்தான்.

கறுப்புத் திட்டு இன்னும் வரவில்லை. மிருதுளா பிடிக்கவில்லை.

பந்தயம் முடிந்து இறங்கியதும் ஆக்னஸைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆக்னஸுக்கும் கண் கலங்கிவிட்டது.

அஃப்சல் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். நல்ல பையன். கை கொடுத்தான். போகிறபோது திரும்பிச் சொன்னான்:

"மிருது, உன் வண்டி பின்னாடி ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு படபடன்னு ஆடுது. அதை மொதல்ல ஒட்டச் சொல்லு. கடைசி அஞ்சு சுத்தும் அதையேதான் பாத்துட்டு வந்தேன்."