அறுபத்திரண்டும் அறுபத்தைந்தும்

வழக்கறிஞர் ஞானசிகாமணிக்கு எண்பத்து மூன்று வயது. இன்னும் கறுப்பு அங்கியைக் கழற்றவில்லை. எப்போது ஓய்வு என்று யாராவது கேட்டால், "கட்சிக்காரன் வராத அன்னைக்கு" என்பார். பாளையங்கோட்டைக்காரர். நாக்கில் பாதி சட்டம், பாதி நக்கல்.

அவரிடம் தொழில் பழகியவர்கள் நீதிமன்ற வளாகம் முழுக்க இருந்தார்கள். அதில் ஒருவர் காரைக்குடி உமையாள். இப்போது உயர் நீதிமன்ற நீதிபதி. ஊருக்கெல்லாம் அவர் 'மை லேடி'. அவருக்கோ ஞானசிகாமணி இன்றைக்கும் சீனியர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உமையாள் சீனியர் வீட்டுக்கு வந்தார். காபி குடிக்க வந்த முகமாக அது இல்லை.

"உக்காரும்மா. என்ன விஷயம்?"

"ஒரு கேள்வி சார். நீதிபதி எந்த வயசுல வீட்டுக்குப் போகணும்?"

"அறுபத்திரண்டுன்னு எழுதி வச்சிருக்கே."

"அதை அறுபத்தைந்தா ஆக்கப் பார்க்கிறாங்க சார்."

அப்போது எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. ஆளுங்கட்சி ஆக்கலாம் என்றது. போன வருடம் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சி இப்போது கூடவே கூடாது என்றது. எங்களுக்கு எப்போது வழி விடுவீர்கள் என்று இளம் வக்கீல்கள் நீதிமன்ற வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். இதற்கு நடுவில் மந்திரி தரப்பிலிருந்து நீதிபதிகளுக்கு நைசாக ஒரு சொல் வந்து சேர்ந்தது. நீங்களே கூடி ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று.

கூட்டம் மறுநாள். தீர்மானத்தை முன்மொழிந்து பேச உமையாளைத்தான் கேட்டிருந்தார்கள். அவர் பேசி முடித்தபின் எதிர்த்து வாய் திறக்க அங்கே ஆள் கிடையாது. அவர் பேசாவிட்டால் தீர்மானம் படுத்துவிடும்.

வருகிற தை மாதம் உமையாளுக்கு அறுபத்திரண்டு நிறைகிறது. மூன்று வருடம் கூடக் கிடைத்தால் தலைமை நீதிபதி நாற்காலி அவருக்குத்தான். மறைப்பானேன், அதன் மேல் அவருக்கு ஆசை இருந்தது. தகுதியும் இருந்தது. மலையைக் குடைந்து விற்ற பெரிய மனிதர் ஒருவரின் குவாரி அனுமதியை, அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே ரத்து செய்தவர் உமையாள். மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு அசையவில்லை. அப்படிப்பட்டவர் ஆசைப்படாமல் வேறு யார் ஆசைப்படுவது?

"நீங்க சொல்லுங்க சார். அறுபத்திரண்டு சரியா, அறுபத்தைந்து சரியா?"

"நான் சொல்லுதது இருக்கட்டும். நாளைக்குப் பேசப் போறதை இப்பப் பேசு. கேக்கேன்."

சீனியர் தன் பெரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை அங்கி மாதிரி இழுத்து விட்டுக்கொண்டார். உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து நின்றார். நின்றதும் சிரிப்பு போய்விட்டது.

"வழக்கு மலை மாதிரி தேங்கிக் கிடக்குது. ஒரு நீதிபதி உருவாக அரை ஆயுசு ஆகுது. பொய் சாட்சியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற பக்குவம் புத்தகம் படிச்சு வர்றதில்ல. அது வந்து சேர்ற நேரத்துல மாலையைப் போட்டு அனுப்பிடுறோம். மேல இருக்கிற உச்ச நீதிமன்றத்துல அறுபத்தைந்து வரைக்கும் புத்தி வேலை செய்யும், இங்க மட்டும் செய்யாதா?"

இன்னும் பேசினார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சீனியர் கையைத் தட்டினார்.

"பிரமாதம். இனி எதிர்த்தரப்பு."

உமையாள் அவரைப் பார்த்தார். அது அந்த வீட்டு அலுவலகத்தின் பழைய சட்டம். எந்த ஜூனியரும் தன் கட்சிக்காரனுக்காகக் கோர்ட்டில் வாய் திறக்குமுன், எதிராளிக்காக இந்த அறையில் வாதாடிக் காட்ட வேண்டும். அது பொறுக்காமல் ஓடிப்போன ஜூனியர்கள் உண்டு. உமையாள் ஓடவில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்த நாட்டுல அதிகமா வழக்காடுறது யாரு? அரசாங்கம். தினமும் நம்ம முன்னால வந்து நிக்குது. அதுதான் நமக்கு மூணு வருஷம் தரலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கு. அந்தச் சமயத்துல அதை எதிர்த்து வழக்குப் போட்ட ஏழை நம்ம முகத்தைப் பார்த்தா என்ன நினைப்பான்?"

சீனியர் மேலே பேசு என்று தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு. நீதிபதிக்கு மறதி வந்தா யாரு சொல்லுவாங்க? காலையில கேட்ட கேள்வியையே மத்தியானமும் கேட்டா, 'அருமையான கேள்வி மை லேடி'ன்னு குனிஞ்சு பதில் சொல்லுவாங்க. வீட்டுலயும் சொல்ல மாட்டாங்க. வயசு ஒண்ணுதான் முகதாட்சண்யம் பார்க்காம வந்து எழுந்திருன்னு சொல்லும். அதோட வாயையும் நாமே அடைக்கலாமா?"

உமையாள் முடித்தார். சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் ஜெயிச்சுட்டியே தாயி! உனக்குச் சொல்லிக்கொடுத்தவன்னு நான் நெஞ்ச நிமித்திக்கிடலாம்."

உமையாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு அவர் கேட்டதே இல்லை.

சீனியர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். தன் நாற்காலியை உமையாள் பக்கம் திருப்பினார்.

"வாதம் முடிஞ்சுது. நீ ஜட்ஜ். உக்காந்து தீர்ப்பைச் சொல்லு."

"உங்க நாற்காலியிலயா சார்?"

"உக்காரும்மா."

உமையாள் உட்கார்ந்தார். 'அறுபத்தைந்து' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்கான காரணங்களும் கூடவே வந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, கூப்பிடாமலே வந்தன. இத்தனை வருடத்தில் எந்த வழக்கிலும் காரணங்கள் அவரிடம் இவ்வளவு வேகமாக ஓடி வந்ததில்லை. அதை நினைத்ததும் அவருக்குத் திக்கென்றது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னம்மா?"

"இந்த வழக்கை நான் கேக்கக் கூடாது சார்."

"ஏன்?"

"இதுல நான் கட்சிக்காரி. பத்து ஷேர் கையில இருக்கிற கம்பெனி வழக்கையே வேற அமர்வுக்கு அனுப்பினவ நான். நாளைக்குக் கூட்டத்துக்குப் போக மாட்டேன்."

"போகலேன்னா தீர்மானம் விழுமே."

"விழட்டும் சார்."

"நாற்காலி?"

போ என்றதும் போய்விடுகிற சாமானா ஆசை? உமையாள் தலைமை நீதிபதியாகத் தன்னை எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்துவிட்டார்.

"தை மாசம் போயிடறேன்" என்றார் கடைசியில். தலை குனியாமல் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் போக வேண்டிய ஆளா சார்?"

"நீயா? இந்த நாற்காலியில உக்காந்துட்டு இப்படி எந்திரிக்கத் தெரிஞ்சவ எழுபது வயசு வரைக்கும் ஜட்ஜா இருக்கணும். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுதேன். மந்திரிகிட்டயே சொல்லுதேன்."

உமையாளின் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் அப்படித்தான் சார் தோணுது. அப்ப அதை நானே எழுந்து சொன்னா என்ன தப்பு?"

சீனியர் அங்கி மாதிரி இழுத்து விட்டிருந்த துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னா அது சாட்சி, தாயி. நீ சொன்னா மனு."