மில்காளின் மண் கிலுகிலுப்பை

என் கடைசிப் பிள்ளை பிறந்த வருஷம் ஞாயிறு பள்ளி ரூபி டீச்சர் எனக்குச் சொன்னது இது.

அந்தக் கால இஸ்ரவேலில், மூப்பரின் மனைவி அக்சாளுக்கு வயிறு எரிந்தது. அவள் மகன் தந்தக் குதிரையை வீசிவிட்டு, வேலைக்காரி மில்காளின் மகள் ஆட்டிய மண் கிலுகிலுப்பைக்கே அழுதான்.

"நாளைக்கே சூளை மூட்டி இதைவிட நல்லதாய் ஒன்று சுட்டுக் கொடுடி. இல்லாவிட்டால் இது என் மகனுக்குத்தான்!"

"ஆகட்டும் அம்மா. நாளை ஓய்வுநாள்; நெருப்பே மூட்டக் கூடாத நாளில் மூட்டச் சொன்னது நீங்கள்தான் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன். பட்டண வாசலில் நியாயம் விசாரிக்கிற மூப்பர்களோடுதான் இருக்கிறார்."

பொறாமையில் அக்சாளுக்குக் கிழமையே மறந்திருந்தது. தண்ணீர் மொண்டு வந்த பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

"நில்லடி! அது உன் பிள்ளையிடமே இருக்கட்டும்."

பக்கத்து வீட்டுக் குழந்தை புதுப் பொம்மையோடு வந்தால், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.