ஓரா கசப்பைத் தின்ற கதை

அந்தக் காலத்தில், மீன்களின் வாயில் இரையோடு வார்த்தையும் இருந்தபோது, கரையை ஒட்டிய கடற்புல் வெளியில் ஓரா என்கிற மீன் குடியிருந்தாள். புல்லைத் தின்று பிழைக்கிற சாது. முதுகில் முள் இருந்தது, ஆனால் அது குத்தினால் யாருக்கும் வலிக்காது.

அந்தச் சாதுத்தனம் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. கடலடிப் பாறைகளில் வாழ்ந்த விலைமீன் முதல் ஆழக்கடல் சீலா வரை எல்லோரும் குஞ்சுகளைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். "மதினி இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க." மதினியும் பார்த்துக்கொண்டாள். நண்டு வந்தால் எந்தக் குருத்துக்குள் நுழைவது, கணவாய் வந்தால் எந்த வேருக்கடியில் பதுங்குவது என்று எல்லாக் குஞ்சுக்கும் சொல்லிக் கொடுத்தாள். வளர்ந்த பிறகு சில அங்கேயே சட்டமாக உட்கார்ந்து தின்றன. சில போயின. போனவற்றில் ஒன்றாவது சொல்லிக்கொண்டு போனதா? இல்லை.

ஈர்க்குச்சி போல வந்த ஒரு சீலாக்குஞ்சைத் தன் வயிற்றோடு ஒட்டி வைத்து வளர்த்தாள். அவனும் அப்படித்தான் போனான்.

ஒரு சாயங்காலம் திரும்பி வந்தான், வாய் நிறையப் பல்லோடு.

"சின்னம்மா, நல்லாருக்கீங்களா?"

ஓராவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவளுக்கும் குஞ்சு பொரித்திருந்தது. "தம்பிமாரு குருத்துக்குள்ள இருக்காங்க, பாத்துட்டு இரு" என்று சொல்லிவிட்டு அவனுக்கு இரை தேடப் போனாள். வந்து பார்த்தால் குருத்துக்குள் ஒன்றுமில்லை. சீலா ஏப்பம் விட்டான்.

"எம்புள்ளைக எங்கடா?"

"பசிச்சுச்சு சின்னம்மா. எங்க ஒளிவாங்கன்னு நீங்கதானே அப்பவே சொல்லித் தந்தீங்க. தேடவே வேண்டாமப் போச்சு."

ஓரா நியாயம் கேட்டு விலைமீனிடம் ஓடினாள்.

"பசிக்கிற புள்ள திங்கத்தான் செய்வான் மதினி. இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு! இன்னொருக்கா முட்ட போட்டா ஆச்சு" என்றாள் விலைமீன். அவளுடைய பிள்ளைகள் அப்போதும் ஓராவின் புல்லுக்குள்தான் விளையாடிக்கொண்டிருந்தன. வெட்கங்கெட்ட ஜென்மம்!

புல்லில் ஒட்டியிருந்த மிச்ச முட்டைகள் நாளைக்குப் பொரியும். நாளைக்கும் அவன் வருவான். வெளியின் ஓரத்தில் ஒரு கசப்புப் பாசி இருந்தது. தின்றால் சாவு என்று எல்லா மீனும் ஒதுங்கிப் போகும். ஓரா அதை வேரோடு பிடுங்கித் தின்றாள். குடல் எரிந்தது, கண் இருண்டது. சாக அவளுக்கு நேரமில்லை. கசப்பு மெல்ல மெல்ல ஏறி முள்ளில் போய் நின்றது.

மறுநாள் சீலா வந்தபோது, பொரிந்த குஞ்சுகளுக்கு முன்னால் முள்ளை விரித்து நின்றாள். அவன் சிரித்துக்கொண்டே கவ்வினான், அடுத்த நொடி அலறித் துள்ளினான்.

"வளத்த புள்ளைக்கே விஷமா சின்னம்மா?"

"வளத்த புள்ளைக்காகத்தாண்டா தின்னேன்!" என்றாள் ஓரா. பிறகு வெளி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "யார் வீட்டுப் பொடிசும் இங்க இருக்கலாம். வளந்தவன் ஒருத்தனும் தங்கக் கூடாது. கெளம்புங்க!"

அன்று முதல்தான் குஞ்சு மீன்கள் கடற்புல்லில் வளர்ந்து, பெரிசானதும் பாறைக்கும் ஆழத்துக்கும் வெளியேறுகின்றன. ஓரா முள் தைத்தால் கை கடுகடுவென்று கடுப்பதும் அன்று முதல்தான். மீனவர்கள் வலையிலிருந்து அவளைக் கழற்றும்போது "சனியனே" என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். சீலா விழுந்தால் மட்டும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?